லாரியின் மூளையும் மல்லிகாவின் கையும்

போன வாரம் எங்கள் கடை ஷட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அவ்வளவு கனமான ஷட்டரைத் தினமும் நீங்கள்தான் தூக்க வேண்டுமா? வீட்டில் ஆம்பளைகள் இல்லையா?"

இருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல ஒரு லாரியைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

காஞ்சிபுரத்தில் எஸ்.டி.டி. பூத்துகள் ஒவ்வொன்றாக செல்போன் ரீசார்ஜ் கடைகளாக மாறிக்கொண்டிருந்த காலம். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை காலை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவை முழுசாக அடைத்துக்கொண்டு லாரி ஒன்று நின்றது. வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பம்பரில் வேப்பிலை, கண்ணாடியில் மஞ்சள், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பின்பக்கம் ஓர் இரும்பு வளைவு, சீரியல் பல்பு சுற்றிக்கொண்டு எழும்பி நின்றது. சாயங்காலம் அந்த வளைவுக்குக் கீழே உட்கார்ந்து தெரு அம்மன் ஊர்வலம் போக வேண்டும்.

என் கணவர் வேலு லாரி எலக்ட்ரீஷியன்; எங்கள் கடையும் லாரி எலக்ட்ரிக்கல் சாமான் கடைதான். அந்தப் பல்புகளுக்கு ஒயர் இழுக்க அவர் போனார். கூழ் குடிக்க நான் போனேன்.

கற்பூரம் காட்டிய கை

ஓட்டுநர் சீட்டில் லாரிக்காரர் ஏகாம்பரம் இருந்தார். தென்னேரிப் பக்கத்து மில்களிலிருந்து சென்னைக்கு அரிசி லோடு அடிக்கிறவர். வண்டிக்கு முன்னால் தட்டோடு அவர் தங்கை மல்லிகா. வழக்கமாக அந்த வீட்டில் கற்பூரம் காட்டுவது ஏகாம்பரத்தின் மனைவி. அன்றைக்கு அவள் வீட்டுக்கு விலக்கு. அதனால் தட்டு நாத்தனார் கைக்கு வந்தது.

மல்லிகா புருஷனை விட்டு வந்தவள். "அடிச்சான், வந்துட்டேன்" என்று சொல்வாள். கேட்டவர்கள் இன்னும் நாலு வரி வரும் என்று நின்று பார்ப்பார்கள். வராது. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

கற்பூரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு, "சாவியத் திருப்புண்ணா" என்றாள்.

ஏகாம்பரம் திருப்பினார். செல்ஃப் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே. மேளக்காரர்கள் முதல் தடவைக்கே அடிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, இரண்டாம் தடவைக்கு மறுபடி அடித்து, அப்புறம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் சரோஜாம்மா கேட்டார்: "யாரு கற்பூரம் காட்டினது?"

தட்டு மல்லிகா கையில் இருக்கிறது. கற்பூரம் இன்னும் எரிகிறது. தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி இல்லை அது.

சரோஜாம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவிலேயே கைராசிக்காரி என்று பெயரெடுத்தவர். பந்தக்கால் நடுவது, பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பது, புது வீட்டில் பால் காய்ச்சுவது, எல்லாவற்றுக்கும் அவர் கைதான் முதலில். அவர் மகன் குணா வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். ஒவ்வொரு ஆடிக்கும் அம்மன் வண்டிக்கு வளைவு வைப்பது அவன் காணிக்கை. அன்றைக்கு நின்ற வளைவும் முந்தின நாள் சாயங்காலம் அவன் பற்ற வைத்ததுதான்.

அம்மன் அன்று டிராக்டரில் போனாள். லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் கடையை ஒட்டிய ஷெட்டில் விட்டார்கள். வரும் வழியில் ஒரு புளியமரக் கிளையில் மாட்டி வளைவின் ஒரு கால் கோணிக்கொண்டது.

பாவு காத்துக் கிடந்தது

மல்லிகாவின் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் நுனியைக் கழற்றி எறிய மாட்டார்கள். பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் சேலை முழுக்கக் கோடு ஓடும். மல்லிகா முறுக்கினால் விடாது. பேச்சுக் கொடுத்தால் பதிலும் சொல்லிக்கொண்டே முறுக்குவாள்.

ஆனால் புதுப் பாவு என்றால் புதுச் சேலை. புதுச் சேலை என்றால் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணம். ராசியில்லாத கை அதைத் தொடலாமா?

யாரும் அவளிடம் வராதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஊர் இல்லை எங்கள் ஊர். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா" என்றார்கள். "மூத்தவளுக்கு உடம்பு சரியில்ல, அப்புறமா சொல்றேன்" என்றார்கள். ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வரப்போகிற நேரம். எல்லாத் தறிகளும் அவசரத்தில் இருந்தன. மல்லிகா மட்டும் சும்மா இருந்தாள்.

ஏகாம்பரம் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர். "பாப்பா, ஒரு வாட்டி திருத்தணிக்குப் போயி வந்துடேன்மா" என்று தங்கையிடம் மெதுவாகச் சொன்னார்.

"எதுக்குண்ணா? லாரி ஸ்டார்ட் ஆகறதுக்கா?"

அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டாராம். மல்லிகா என்னிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனிடமிருந்து தப்பி வந்தவளுக்கு அந்தக் கை ஒன்றுதான் சோறு. அதையும் ஒரு கேள்வி கேட்டுப் பிடுங்கிக்கொண்டார்களே என்று இருந்தது.

"வீட்டுல ஒக்காந்துக்கினு சுவத்தப் பாக்க முடியலக்கா" என்று எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தாள். ஃப்யூஸ்களைப் பிரித்து டப்பாவில் போட்டாள், பல்புகளைத் துடைத்து அடுக்கினாள்.

ஷட்டர் விவகாரம்

இப்போது வாசகியின் கேள்விக்கு வருகிறேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் மாமனாருக்குக் காய்ச்சல். அன்றைக்கு நான் கடையைத் திறந்தேன். போணியே ஒரு பெரிய வியாபாரமாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான். "மருமவ கை ராசி" என்று மாமனார் முடிவு கட்டினார். மறுநாளிலிருந்து ஷட்டர் என் தலையில். மழையானாலும் வயிற்றில் பிள்ளையானாலும் நான்தான் தூக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குக் கைராசி இல்லையென்று கவலை. எனக்கு இருக்கிறதே என்று கவலை.

மல்லிகா வரத் தொடங்கியதும் மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு வரட்டும், வேணாங்கல. போணி ஆனதுக்கப்புறம் வரச் சொல்லும்மா."

மறுநாள் காலை மல்லிகா வந்ததும், "இந்தா, நீ தூக்கு" என்றேன்.

"அக்கா, ஒங்க மாமனாரு…"

"அவரு ஒம்போது மணிக்கு முன்னாடி எழுந்திரிக்க மாட்டாரு. தூக்கு."

தூக்கினாள். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அது கிரீச்சிட்டது. அன்றைக்கு வியாபாரம் நன்றாகவும் இல்லை, மோசமும் இல்லை. ஒரு ஹாரன், சில ஃப்யூஸ், இண்டிகேட்டர் கண்ணாடி ஒன்று. வழக்கம்போல. மாமனார் கல்லாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டருக்குத் திரை எங்கே?

லாரிக்கு வருகிறேன். வேலு பேட்டரியைப் பார்த்தார். ஃப்யூஸ், ரிலே, ஒயர் எல்லாவற்றையும் பார்த்தார். டீசல் வருகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. ஆனால் சாவியைப் போட்டால் டாஷ்போர்டில் வந்துவிட்டு அணைய வேண்டிய ஒரு மஞ்சள் விளக்கு வரவே இல்லை.

"மூளை செத்துப்போச்சு" என்றார்.

அந்தக் காலத்தில்தான் லாரிகளுக்குள் கம்ப்யூட்டர் வர ஆரம்பித்திருந்தது. பழைய லாரி எளிமையான பிராணி. டீசல் ஊற்றினால் போதும், நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். புதுசு அப்படி இல்லை. எவ்வளவு டீசல், எந்த நேரத்தில், எந்த சிலிண்டருக்கு என்று எல்லாவற்றையும் இன்ஜின் பக்கத்தில் இருக்கிற ஓர் அலுமினியப் பெட்டி சொல்ல வேண்டும். அது வாயை மூடிக்கொண்டால் பத்து யானை சேர்ந்து தள்ளினாலும் நகராது.

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று தெருவில் செய்தி பரவியதும் ஷெட்டுக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். டிபன் டப்பா அளவுக்கு இருந்ததைக் காட்டினால் யாரும் நம்பவில்லை. "இதுல திரை எங்க?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "பட்டனே இல்லையேப்பா" என்று ரொம்ப ஏமாற்றமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினீயர் ஒருவர் வந்தார். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். பெட்டி எதுவும் பேசவில்லை. புதுசு வரவழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏகாம்பரம் அடுத்து வந்த நாட்களில் எங்கள் ஷெட் வாசலில் உட்கார்ந்து லாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ கொடுத்தால் குடிப்பார்.

பெட்டிக்குள் கறுப்பு

புதுப் பெட்டியோடு அதே இன்ஜினீயர் வந்த நாளில் ஷெட்டில் கோவில் திருவிழா மாதிரி கூட்டம். குணாவும் வந்திருந்தான், சரோஜாம்மாவும் வந்திருந்தார். மல்லிகா கடைக்குள்ளேயே இருந்துகொண்டாள்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம்தான் ஆரம்பமே. புதுசு வெறும் பெட்டிதான். இது எந்த இன்ஜின், எந்த வண்டி என்று அதற்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் லேப்டாப் வழியாக ஏற்ற வேண்டும். டீசல் பீய்ச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்குமாம். அதையும் ஏற்ற வேண்டும். வேலு இன்ஜின் மேல் கவிழ்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து அந்த எண்களைப் படித்தார். நான் டார்ச் பிடித்தேன். இன்ஜினீயர் தட்டினார்.

விவரங்கள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. பழைய பெட்டியின் மூடியைத் திறந்தார். கருகின வாசனை எனக்கே எட்டியது. பச்சைப் பலகையின் ஒரு மூலையில் கறுப்பாகத் தீய்ந்திருந்தது.

"இந்த வண்டியில சமீபத்துல வெல்டிங் பண்ணீங்களா?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வளைவு எல்லோருடைய தலைக்கு மேலேயும் நின்றது.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். வெல்டிங் கரண்டு லாரியின் இரும்பு முழுக்க ஓடும். போகிற வழியில் பெட்டி இருந்தால் அதற்குள்ளும் புகுந்துவிடும். அதனால் ராடு வைப்பதற்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பெட்டியில் இருக்கிற இரண்டு பிளக்கையும் பிடுங்கி, தூசி படாமல் மூடி வைக்க வேண்டும். முடிந்த பிறகுதான் மறுபடி மாட்ட வேண்டும்.

வேலு சொன்னார்: "பாத்தீங்களா, முந்தின நாளு சாயங்காலமே செத்துப்போச்சு. காலையில காட்டின கற்பூரம் என்னா பண்ணும்? காக்கா ஒக்கார பனம்பழம் விழுந்த கத இது."

குணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் இல்ல சார். நான் எர்த்த கரெக்டா வெச்சேன். ஒங்க பீஸு மட்டம், எம்மேல போடறீங்க."

சரோஜாம்மா மகனுக்கு முன்னால் வந்து நின்றார். "வருஷா வருஷம் எம்புள்ளதான் வெல்டிங் வெச்சுக்கினு இருக்கான். இத்தினி லாரிங்க போச்சு, ஒண்ணாவது நின்னுதா?"

"அந்த லாரிங்களுக்கு மூளையே இல்லம்மா" என்றார் வேலு.

"அப்போ மூள இருக்கறதுதான் குத்தமா?"

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டால் நியாயம் அந்தப் பக்கம் போய்விடும் எங்கள் ஊரில். இன்ஜினீயர் தோளைக் குலுக்கிக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். ஏகாம்பரம் திருப்பினார். மஞ்சள் விளக்கு வந்தது, அணைந்தது, இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஏகாம்பரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

லாரி பிழைத்துவிட்டது. மல்லிகாவுக்கு ஒன்றும் மாறவில்லை. பெட்டி கருகினது வெல்டிங்கினாலேயே இருக்கட்டும், இத்தனை வருஷம் கருகாதது இந்த வருஷம் கருகியது யாரால் என்று பேசிக்கொண்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதைக் கண்ணால் பார்த்தேன்.

"பொட்டிக்குள்ள காட்டினாரே, எல்லாரும் பாத்தாங்க இல்ல?" என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"பாத்தாங்கக்கா. கறுப்பத்தான் பாத்தாங்க, காரணத்தப் பாக்கல" என்றாள்.

கடைசி வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மனுக்குப் பூப்பல்லக்கு. அதே லாரி, அதே வளைவு. ஆனால் புளியமரத்தில் கோணின கால் அப்படியே இருந்தது. நிமிர்த்திப் பற்ற வைக்காவிட்டால் பூ பாரம் தாங்காது.

காலையில் குணா மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான். தெருவே வாசலில் நின்றது. சரோஜாம்மா, கற்பூரத்தட்டு இந்தத் தடவை தன் கையில்தான் என்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். மல்லிகா அண்ணன் வீட்டு வாசற்படியில், கைகளைக் கட்டிக்கொண்டு. ஏகாம்பரத்தின் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. புதுப் பெட்டியும் போனால் அவர் கதை முடிந்தது. ஆனால் அம்மன் காரியம், குணாவின் காணிக்கை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

நான் வேலுவை இடித்தேன். "இரு" என்றார்.

குணா கோணின காலை அடித்து நிமிர்த்தினான். எர்த் கிளிப்பை மாட்டினான். ராடை ஹோல்டரில் செருகினான். முகமூடியை எடுத்தான். அப்படியே நின்றான். தெரு முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹோல்டரைக் கீழே வைத்தான்.

"வேலண்ணே, ஒரு ஸ்பேனர் குடுங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

வேலு கொடுத்தார். குணா குனிந்து பேட்டரி ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினான். அப்புறம் சுற்றிக்கொண்டு போய் அலுமினியப் பெட்டியின் இரண்டு பிளக்குகளையும் பிடுங்கினான். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து அவற்றின் மேல் போட்டு, நூலால் கட்டினான். அதை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறான். அன்றைக்கு ஷெட்டில் காதில் வாங்காதவன் மாதிரி நின்றவன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான்.

சரோஜாம்மா மகனைப் பார்த்தார், தொங்கிக்கொண்டிருந்த பேட்டரி ஒயரைப் பார்த்தார், அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பி மல்லிகாவைப் பார்த்தேன். அவளும் அந்த ஒயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

குணா பற்ற வைத்து முடித்தான். பிளக்கை மாட்டினான், ஒயரை மாட்டினான். சரோஜாம்மா கற்பூரம் காட்டினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. கைராசி என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மல்லிகா வழக்கம்போலக் கடைக்கு வந்து ஃப்யூஸ் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். வாசலில் சரோஜாம்மா. இதற்கு முன் அவர் எங்கள் கடைப் படி ஏறியதில்லை.

"மல்லிகா, நம்ம வூட்டுத் தறியில பாவு அப்பிடியே கெடக்குதுமா. ஆவணிக்குச் சேல குடுத்தாவணும். வந்து பிணைச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

மல்லிகா டப்பாவை மூடினாள். விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாகத் துடைத்தாள்.

"வர்றேன் பெரியம்மா. நான் உள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடி, நேத்து ஒயரக் கழட்டின மாதிரி, வூட்டு மெயினயும் ஆஃப் பண்ணச் சொல்லிடுங்க குணாவ."

மல்லிகா செருப்பை மாட்டிக்கொண்டு, சரோஜாம்மாவுக்கு முன்னால் நடந்தாள்.